முப்பத்தாறு பேரும் ஒரு குடையும்

என் குடையைத் திரும்ப வாங்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. அதற்குள் அந்தக் குடையைப் பற்றி மூன்று பேர் கட்டுரை எழுதிவிட்டார்கள். மூவரில் ஒருவர்கூட அதை விரித்துப் பார்த்தவர் இல்லை. விரித்திருந்தால், உள்பக்கக் கிழிசலுக்கு என் பெண்டாட்டி சிவப்பு நூலில் போட்ட தையல் தெரிந்திருக்கும். நாலாவதாக அவளைப் பற்றியும் ஒரு கட்டுரை வந்திருக்கும்.

நான் நாடக மன்றத்தில் தச்சு வேலை பார்ப்பவன். இருபத்திரண்டு வருடமாக அவர்களுக்கு அரண்மனை, ஜெயில், ஆஸ்பத்திரி எல்லாம் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அதே பலகைதான், பெயின்டுதான் மாறும். மன்றத்துப் பெரிய மனிதர்களைப் பற்றியும் எனக்கு அதே அபிப்பிராயம்தான். என் மகளும் அங்கேதான் நடிகை. நடிகை என்று சொல்கிறேனே தவிர, பன்னிரண்டு வருடமாக அவள் செய்ததெல்லாம் யாராவது ஒரு ராணிக்குப் பின்னால் விசிறியோடு நின்றதுதான். ஒரே ஒரு நாடகத்தில் அவளுக்குப் பேச்சு இருந்தது. ‘குதிரை தயார், அரசே.’ இரண்டாவது வாரம் அதையும் எடுத்துவிட்டு, ஒரு கனைப்புச் சத்தத்தை வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள்.

இந்த முறை கல்பாலம் நாடகத்தைப் போடுவதாக மன்றம் முடிவு செய்தது. எங்கள் பக்கம் கல்பாலம் தெரியாதவர்கள் கிடையாது, நாலாம் வகுப்புப் பாடத்தில் வரும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டதால், மகள் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவன். ஒரு ராஜா ஆற்றின் குறுக்கே பாலம் கட்டுகிறான். கட்டும்போது முப்பத்தாறு பேர் விழுந்து சாகிறார்கள். திறப்பு விழா அன்று ராஜா பரிவாரத்தோடு பாலத்தில் வரும்போது, செத்துப்போன கல்தச்சன் ஒருவனின் மனைவி நட்டநடுவில் வந்து நின்றுகொள்கிறாள். விழுந்தவர்கள் பேரைச் சொல், வழி விடுகிறேன் என்கிறாள். ராஜாவுக்கு ஒரு பேரும் தெரியாது. அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. முப்பத்தாறும் முடிந்த பிறகு அவள் விலகுகிறாள். அவ்வளவுதான் நாடகம்.

ஒரு பொம்பளையைத் தள்ளிவிட்டுப் போக ராஜாவுக்கு எவ்வளவு நேரமாகும் என்று அப்போது மகளிடம் கேட்டேன். “ஊரே பாத்துக்கிட்டு நிக்குதுல்லப்பா,” என்றாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

அந்தக் கல்தச்சன் மனைவி வேடம் இந்தத் தடவை அவளுக்கே வந்தது. பட்டியலில் முதலில் இருந்த நடிகைக்கு சினிமா கிடைத்துவிட்டது, இரண்டாவது நடிகை படியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டார். புதிய இயக்குநர் என் மகளை நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, இந்த முகத்தில் பன்னிரண்டு வருட மௌனம் இருக்கிறது என்று பாராட்டினார். அந்த மௌனத்தை யார் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டில் அன்றிலிருந்து முப்பத்தாறு பேரும் குடியேறிவிட்டார்கள். மகள் துணி துவைக்கும்போது அவர்கள் பேர், காய் நறுக்கும்போது அவர்கள் பேர். பதினேழாவது பேரில் எப்போதும் தடுக்கி விழுவாள். அடுப்படியில் இருந்து என் பெண்டாட்டி எடுத்துக் கொடுப்பாள். “உங்க வம்சத்துல எத்தனை பேருன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. ஆத்துல விழுந்தவங்க அத்தனை பேரும் மனப்பாடம் ஆயிடுச்சு,” என்று என்னிடம் சொன்னாள். எங்கள் வம்சத்தில் நினைவில் வைத்துக்கொள்கிற மாதிரி யாரும் விழவில்லை என்றேன். மகள் சிரித்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இந்த வேடமும் போனால் அடுத்து ராணிக்கு அம்மாவாகத்தான் நிற்க வேண்டும், அதுவும் விசிறியோடு. அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இனி இயக்குநரைப் பற்றிச் சொல்கிறேன். பல இடங்களில் பரிசு வாங்கியவர். எந்த வெயிலிலும் கழுத்தில் ஒரு கறுப்புத் துணி சுற்றியிருக்கும். யார் எதைக் கேட்டாலும், “முதல்ல மூச்சு விடுங்க,” என்பார். ஆகவே நாங்கள் அவருக்கு மூச்சு என்று பேர் வைத்தோம். அவர் பக்கத்தில் எப்போதும் கருத்து ஆலோசகர் என்று ஒருவர். இயக்குநர் சொன்னதை இன்னும் நீளமாகச் சொல்வது அவருடைய வேலை. இவர்களுக்கு மேலே மன்றக் குழு. குழுவுக்கு ஒரு தலைவர். அவர் முன்பு ஏதோ ஒரு துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துறை என்று கேட்டால், எல்லாத் துறையும் என்பார்.

முதல் ஒத்திகைக்கு என்னையும் வரச் சொன்னார்கள். கலையில் தச்சன், நடிகன் என்ற பேதம் கிடையாதாம். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் மல்லாக்கப் படுத்தோம். நாற்பது நிமிடம். நீங்கள் கல், நீங்கள் ஆற்றுக்கு அடியில் கிடக்கிறீர்கள் என்று இயக்குநர் நடுவில் உலாவிக்கொண்டே சொன்னார். ஆற்றில் கிடக்கிற கல்லை நான் தூக்கியிருக்கிறேன், அதற்கு இப்படி முதுகு வலிக்காது. ராஜாவாக நடிக்கிறவர் பத்தாவது நிமிடத்தில் குறட்டை விட்டார். கல்லாகவே ஆகிவிட்டார் என்று ஆலோசகர் எழுதிக்கொண்டார்.

எழுந்த பிறகு ஒரு தடித்த நோட்டைச் சுற்றுக்கு விட்டார்கள். அட்டையில் ‘இன்று நான் துறந்தது’ என்று எழுதியிருந்தது. ஒவ்வொருவரும் ஒரு வரி எழுத வேண்டும், தப்பிக்க முடியாது. ஒருவர் ஆணவம் என்று எழுதினார். ராஜா, அரியணை என்று எழுதினார், ஆனால் அதற்கு அடுத்த நாளே என்னிடம் வந்து அரியணைக்கு மெத்தை கேட்டார். என் முறை வந்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. உண்மையில் நடந்ததை எழுதினேன். ‘நேற்று குடையை இங்கே மறந்துவிட்டுப் போய்விட்டேன். நனைந்தேன்.’

இயக்குநர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணை மூடிக்கொண்டார். எழுத்துப் பிழை ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன்.

“நனைந்தேன்,” என்றார் மெதுவாக. “கேட்டீங்களா? இந்த நாடகத்தை எழுதினவனுக்குக்கூட இது தோணல. எங்க இருக்கு அந்தக் குடை?”

ஜன்னல் கம்பியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று கையை நீட்டினேன். தடுத்துவிட்டார். “எடுக்காதீங்க பெரியவரே. இனிமே அது உங்களோடது இல்ல.” ஆலோசகர் ஒரு பதிவேட்டைத் திறந்து, குடை ஒன்று, கறுப்பு, கருத்துப் பொருள் என்று எழுதி வரிசை எண் போட்டார். அன்றைக்கும் மழை. அன்றைக்கும் நனைந்தேன். இரண்டாவது தடவை நனைந்ததை யாரும் பாராட்டவில்லை.

பிறகு பாலம். நான் பத்து நாளில் நல்ல பாலம் கட்டிவிட்டேன். இரண்டு கரை, நடுவில் வளைவு, எட்டுப் பேர் ஏறி நின்றாலும் ஆடாது. இயக்குநர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இது ரொம்ப வசதியாக இருக்கிறது என்றார். இரண்டு கரையைச் சேர்க்கிற பாலம் பார்க்கிறவனைத் தூங்க வைத்துவிடுமாம். ஒரு கரையை அறுக்கச் சொன்னார். அறுத்தேன். அடுத்த வாரம் வளைவு அதிகாரத்தின் முதுகு மாதிரி இருக்கிறது என்று அதையும் எடுக்கச் சொன்னார். கடைசியில் ஆறடிப் பலகை ஒன்று மிஞ்சியது. அதைப் பாலம் என்று அழைக்கக் கூடாது, பாலத்தின் சந்தேகம் என்று அழைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. நான் அதைப் பலகை என்றுதான் அழைத்தேன்.

அரியணை விஷயம் இன்னும் மேல். மெத்தையோடு செய்து முடித்த பிறகு, அது மேடையில் இருக்கக் கூடாது, ஆனால் இருப்பது நடிகர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார்கள். ஆகவே பக்கத்திரைக்குப் பின்னால் போட்டோம். ராஜா பாதி ஒத்திகை நேரம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

அதற்கும் பிறகு ஒரு நாள் ஒத்திகைக் கூடத்தின் வாசல் மேல் அவர்கள் கண் விழுந்தது. கூடத்துக்கு முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று. மனிதன் ஒரே வாசல் வழியாகத்தான் உலகத்துக்குள் வருகிறான், இரண்டு வாசல் இருக்கிற இடத்தில் கலை தப்பித்து ஓடிவிடும் என்று இயக்குநர் ஒரு மணி நேரம் பேசினார். பின்வாசலை நிரந்தரமாக மூட வேண்டும் என்று எனக்கு எழுத்தில் உத்தரவு வந்தது. அடியில் ‘குழு தீர்மானித்தது’ என்று இருந்தது, கையெழுத்து இல்லை. நான் எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்பவன் இல்லை. நாலு அங்குல ஆணி இருபத்தாறு அடித்து, மேலே பிளைவுட் போட்டு, இடுக்கெல்லாம் பசை நிரப்பி, கறுப்பு அடித்தேன். அங்கே வாசல் இருந்தது என்று எனக்கே மறந்துபோகிற மாதிரி.

இதெல்லாம் பலகையோடு நின்றிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இயக்குநருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு ஒத்திகை முடிவிலும் நாடகத்திலிருந்து எதையாவது ஒன்றை எடுத்தாக வேண்டும். சேர்ப்பது வியாபாரிகள் வேலை, கழிப்பதுதான் கலைஞன் வேலை என்பார். முதலில் படைவீரர்களைக் கழித்தார். பிறகு ஆற்றை. பிறகு மந்திரியை. மந்திரியாக நடித்தவர் தினமும் வந்து, தன் வேடம் இல்லாமல் போன இடத்தில் நின்றுவிட்டுப் போனார். அப்படி நிற்க வேண்டும் என்று உத்தரவு.

மூன்றாவது மாதம் கழிப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் முப்பத்தாறு பேரிடம் வந்தார்கள்.

முதல் தாள் வந்தபோது இருபத்து நாலு பேர் போனார்கள். இன்றைய பார்வையாளருக்கு அவ்வளவு பேரைத் தாங்கும் பொறுமை இல்லை, பன்னிரண்டு போதும் என்று குழு தீர்மானித்திருந்தது. மகள் வீட்டுக்கு வந்து எந்தப் பன்னிரண்டு பேரை வைப்பது என்று அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தாள். பெண்டாட்டி பதினேழாவது ஆளை விட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அடுத்த தாளில் மூன்று. அதற்கு அடுத்த தாளில் பேரே வேண்டாம், முப்பத்தாறு என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லலாம் என்று வந்தது. பிறகு அந்த எண்கூடக் கணக்குப் பாடம் மாதிரி இருக்கிறது, முனகினால் போதும் என்றார்கள். மகள் ஒரு வாரம் முனகினாள். வீட்டில் பல்வலி என்று நினைத்துப் பெண்டாட்டி கிராம்பு எடுத்துக் கொடுத்தாள்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் அதே ‘குழு தீர்மானித்தது.’ ஒரு பேர் கிடையாது.

கடைசித் தாள் வந்த அன்று நான் பலகைக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்தேன். முனகலும் போயிற்று. அவள் பலகை மேல் என் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்பது நிமிடம் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். ராஜா வரவே மாட்டார். பார்வையாளர்தான் ராஜா.

மகள் தாளை மடித்து வைத்துக்கொண்டு இயக்குநரிடம் போனாள். குரலை உயர்த்துகிறவள் இல்லை அவள்.

“சார், அந்தப் பேரை எல்லாம் யார் சார் வெட்டினது?”

“முதல்ல மூச்சு விடும்மா.”

“விட்டுட்டேன் சார்.”

“யாரும் வெட்டல. நல்லா ஒத்திகை பாத்தா வேண்டாததெல்லாம் தானா உதிர்ந்துடும். மரத்துல இலை உதிருதே, யாராவது வெட்டினாங்கன்னு கேப்பியா?”

ஆலோசகர் குறுக்கே வந்தார். பேர் சொன்னால் அந்த முப்பத்தாறு பேர் மட்டும்தான் செத்ததாக ஆகிவிடும், சொல்லாமல் விட்டால் எல்லோரும் செத்ததாக ஆகும், இது எவ்வளவு பெரிய கருணை என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார். மகள் யோசித்துப் பார்த்தாள். எனக்குத் தெரிந்து அன்று பூராவும் அவள் அதைத்தான் செய்தாள். பேருந்திலிருந்து இறங்கும்போது, “மறுபடியும் விசிறிதான்ப்பா. இந்தவாட்டி மடக்கின விசிறி,” என்றாள்.

அரங்கேற்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு. மண்டபம் நிறைந்திருந்தது. கல்பாலம் என்றால் ஜனங்கள் வருவார்கள், அதுதான் சொன்னேனே, நாலாம் வகுப்பு. பின்வரிசையில் என் பெண்டாட்டி. முதலில் தலைவர் பேசினார்.

“இந்த நாடகத்தை நான் சின்ன வயசுலேருந்து மதிக்கிறவன். மதிக்கிறதுனாலதான் இத்தனை வருஷமா இதைத் தொடல. இப்ப தொட்டிருக்கோம். தொட்டதே தெரியாத அளவுக்குத் தொட்டிருக்கோம். இதுக்கு உழைச்சவங்க ஒவ்வொருத்தர் பேரையும் நான் சொல்லியே ஆகணும். உழைச்சவங்க பேரைச் சொல்லாம விடறது பெரிய பாவம்.”

என்று தொடங்கி ஒரு தாளை எடுத்து வாசித்தார். குழு உறுப்பினர்கள், துணைக்குழு, ஆலோசனைக் குழு, வரவேற்புக் குழு, முன்னாள் குழு. ஒவ்வொரு பேருக்கும் கைதட்டல். நான் பக்கத்திரைக்குப் பின்னால் சுத்தியலோடு நின்று எண்ணினேன். நாற்பத்தொன்று. செத்தவர்களைவிட ஐந்து அதிகம். வாசித்து முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. பார்வையாளருக்குப் பொறுமை இல்லை என்று சொன்ன ஆலோசகரின் பேர் முப்பதாவதாக வந்தது, எழுந்து நின்று கும்பிட்டார்.

என் மகள் அப்போது எனக்கு நாலடி தள்ளிக் குடையோடு நின்றிருந்தாள். அவளும் விரலை மடக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

நாடகம் தொடங்கியது. மந்திரி இல்லாத இடத்தில் மந்திரி நின்றார். ஆறு இல்லாத இடத்தை நீல விளக்கு காட்டியது. பிறகு மகள் பலகை மேல் ஏறினாள். ஒன்பது நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடம் அப்படியே நின்றாள். ஒருவர் இருமினார். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். மூன்றாவது நிமிடம் அவள் குடையைக் கீழே வைத்தாள். குனிந்து, பத்திரமாக, நம் வீட்டுப் பொருள் என்கிற மாதிரி வைத்தாள். நிமிர்ந்தாள். முதல் பேரைச் சொன்னாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நிறுத்தினாள். நாடகத்தில் அந்த இடத்தில் ராஜா திருப்பிச் சொல்ல வேண்டும். ராஜா எனக்குப் பின்னால் அரியணையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் யாரோ ஒருவர், நாலாம் வகுப்பில் படித்தவர்தான், அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னார். இரண்டாவது பேருக்கு ஒரு வரிசையே சொன்னது. பத்தாவது பேருக்குள் மண்டபம் முழுக்கச் சொன்னது. பதினேழாவதில் அவள் தடுக்கினாள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எடுத்துக் கொடுத்தது. யார் குரல் என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தாறும் சொல்லி முடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். சுத்தியலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.

கைதட்டல் அடங்கவில்லை. அடங்குவதற்குள் இயக்குநர் மேடைக்கு ஓடி, கறுப்புத் துணியைச் சரி செய்துகொண்டு, தலை குனிந்து வணங்கினார். ஐந்து தடவை வணங்கினார். மறுநாள் பத்திரிகையில் ‘மௌனத்தை உடைக்கவே மௌனத்தைக் கட்டிய மேதை’ என்று வந்தது. படம் குடையுடையது.

அதே நாள் என் மகளுக்கு ஒரு கடிதமும் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட பிரதியில் இல்லாத முப்பத்தாறு சொற்களை உச்சரித்ததற்கும், கருத்துப் பொருளைத் தரையில் வைத்ததற்கும் ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அடியில், குழு தீர்மானித்தது.

விசாரணை புதன்கிழமை பதினொன்றரைக்கு. குழு அறையில் ஏசி வேலை செய்யாததால் ஒத்திகைக் கூடத்தில் மேஜை போட்டார்கள். தலைவர், இயக்குநர், ஆலோசகர், துணைத்தலைவரையும் சேர்த்து உறுப்பினர்கள் ஏழு பேர். குடையின் முன்னாள் சொந்தக்காரன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குடை மேஜை நடுவில் ஒரு தட்டின் மேல் கிடந்தது. வெளியே வராந்தாவில் நடிகர்கள், விளக்குக்காரர்கள், துப்புரவுப் பெண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். மேதையைப் பேட்டி எடுக்க வந்த பத்திரிகைக்காரர் ஒருவரும் கூட்டத்தோடு நின்றிருந்தார்.

கேள்வி கேட்டார்கள். பேசச் சொல்லி யார் அனுமதி கொடுத்தது என்றார் ஒருவர். கைதட்டல் வாங்கியது ஒழுங்கீனத்தைக் குறைக்காது, கூட்டும் என்றார் இன்னொருவர். மூன்றாமவர், நீ பேசியது தப்பு, ஆனால் இயக்குநர் உன்னைப் பேச வைத்தது சரி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே என்று விளக்கினார். ஒன்றேகால் வரை இப்படிப் போயிற்று. பிறகு தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு முடிவு சொல்கிறோம் என்று எழுந்தார்.

மகள் அவருக்கு முன்பே எழுந்துவிட்டாள். போய் முன்வாசலில் நின்றுகொண்டாள். கதவு அவளுக்குப் பின்னால் விரியத் திறந்திருந்தது. இரண்டு கையும் நிலையில்.

“என்னம்மா இது?” என்றார் தலைவர்.

“நான் போயிடறேன் சார். கடிதத்துக்கு விளக்கமும் எழுதித் தர்றேன். ஒண்ணே ஒண்ணு. அந்த முப்பத்தாறு பேரை வெட்டினது யாருன்னு பேரைச் சொல்லுங்க. வழி விடறேன்.”

“குழு தீர்மானிச்சுது.”

“குழுவுக்கு அம்மா அப்பா பேர் வச்சிருப்பாங்கல்ல சார்.”

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். பத்திரிகைக்காரர் நோட்டை எடுத்தார். அவளைத் தள்ளிவிட்டுப் போக ஏழு உறுப்பினர்களுக்கு எத்தனை நேரமாகும்? ஆனால் ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. தலைவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் ஆலோசகருக்குப் பின்வாசல் ஞாபகம் வந்தது. என்னைப் பார்த்து, அதைத் திறக்கச் சொன்னார். திறக்கலாம், இருபத்தாறு ஆணி, ஒரு மணி நேர வேலை, கடப்பாரையும் வெளியேதான் இருக்கிறது என்றேன்.

“அப்ப வாங்கிட்டு வரச் சொல்லுங்க பெரியவரே.”

“நிரந்தரமா மூடச் சொல்லி எழுத்துல குடுத்தீங்க சார். திறக்கணும்னாலும் எழுத்துல குடுங்க. இந்தவாட்டி கையெழுத்தோட.”

தாள் இருந்தது. பேனாவும் இருந்தது. தாள் தலைவரிடமிருந்து துணைத்தலைவருக்குப் போயிற்று, அவரிடமிருந்து அடுத்தவருக்கு. மேஜையைச் சுற்றி முழுதாக ஒரு சுற்று வந்து தலைவரிடமே திரும்பியது, வெறும் தாளாக. வாசலில் பளிங்குக் கல்லில் பேரைப் பொன் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிற மனிதர்கள். ஒரு கதவைத் திறக்கச் சொல்லிப் பேர் எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. பத்திரிகைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணி ஆயிற்று. மகள் நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை. பன்னிரண்டு வருடம் விசிறியோடு நின்றவளுக்கு நிற்பது ஒரு பெரிய விஷயம் இல்லை. அந்தப் பயிற்சியைக் கொடுத்ததே மன்றம்தான்.

முதலில் உடைந்தவர் ஆலோசகர். அவருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். “எனக்கு எதுக்கு வம்பு? பன்னிரண்டு போதும்னு சொன்னது இயக்குநர்தான்,” என்றார். இயக்குநர் மூச்சை இழுத்தார், ஆனால் விடவில்லை. மூன்றாகக் குறைக்கச் சொன்னது துணைத்தலைவர், பேருந்து பிடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டார் என்றார். துணைத்தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, முனகல் யோசனை ஆலோசகருடையது, நானே அதை எதிர்த்தேன், கையைத் தூக்கினேன், இவர்கள் பார்க்கவில்லை என்றார். அதற்குப் பிறகு பேருக்குப் பஞ்சமே இல்லை. அப்பா பேரோடு, பதவியோடு, பழைய கதையோடு ஒருவர் பேரை ஒருவர் சொன்னார்கள். கடைசியில் எல்லா விரலும் தலைவர் பக்கம் திரும்பியது.

“நான் எப்படிய்யா வெட்டியிருக்க முடியும்?” என்றார் தலைவர். “நான் அந்த நாடகத்தைப் படிச்சதே இல்லையே.”

மகள் நிலையிலிருந்து கையை எடுத்தாள். விலகி நின்றாள்.

“போங்க சார். சாப்பாடு ஆறிடும்.”

ஒவ்வொருவராக வெளியே போனார்கள். மேஜையில் குடை கிடந்தது. நான் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன். பதிவேட்டில் இருப்பதாயிற்றே என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தடித்த நோட்டும் பக்கத்தில் இருந்தது. ‘இன்று நான் துறந்தது’ என்பதை அடித்துவிட்டு, குடையைப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, கீழே என் பேரை முழுதாக எழுதினேன். நான் படித்த மூன்று வகுப்பு அதற்குப் போதும்.

சனிக்கிழமை மன்றத்திலிருந்து புதிய தாள் வந்தது. நீண்ட ஆய்வுக்குப் பிறகு, மூலத்தின் மேல் கொண்ட பற்றினால், முப்பத்தாறு பேர்களையும் நாடகத்தில் மறுபடி சேர்ப்பதென்று குழு தீர்மானித்தது. கையெழுத்து இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மகள் பேசுகிறாள். ராஜாவைப் பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து எழுப்பி, எதிரே நிற்க வைத்திருக்கிறார்கள். அவர் இன்னும் மனப்பாடம் செய்யவில்லை, மண்டபம்தான் அவருக்கும் சேர்த்துச் சொல்கிறது. பலகைக்கு மறு கரை கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டேன். ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் இயக்குநர் வந்து, கழித்ததைத் திரும்பக் கூட்டுவதே உயர்ந்த கலை என்று கால் மணி நேரம் பேசுகிறார்.

நேற்று நல்ல மழை. பேருந்து நிறுத்தத்தில் குடையை விரித்தேன். ஒரு பக்கம் தொங்கிற்று. இரண்டு கம்பி போயிருக்கிறது. சிவப்புத் தையலும் பிரிந்து கிடக்கிறது. இன்று காலையில் மன்றத்துக்குப் போய், யார் உடைத்தது என்று கேட்டேன். யாரும் உடைக்கவில்லையாம். தானாகவே உதிர்ந்ததாம்.